தேர் பின்னுக்குப் போகக் கூடாது

பூவாணிப்பேரி அம்மன் தேர் தானாக நகர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, எப்படி நகர்ந்தது என்பதல்ல. யாரைக் கேட்டு நகர்ந்தது என்பதுதான். அப்படிப்பட்ட ஊர் இது. வானத்திலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தாலும், நீ எந்தத் தெரு, யார் வீட்டு வகை என்று விசாரித்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பார்கள், அதுவும் விசாரணை திருப்தியாக முடிந்தால்.

அந்தத் தேர் ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது. சக்கரம் உளுத்துப்போகவில்லை, அச்சு முறியவில்லை, அம்மனுக்கும் எங்கள் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. வடத்தை முதலில் யார் தொடுவது என்பதுதான் தகராறு. முதலில் தொடுகிறவர் தலையில் பரிவட்டம் என்று ஒரு துண்டுப் பட்டுத் துணியைக் கட்டுவார்கள். அந்தத் துணிக்காகப் பண்ணை வீட்டுச் சிதம்பரதாணுவும் அரிசி மில் வெயிலுமுத்தும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதையே விட்டிருந்தார்கள். சிதம்பரதாணு கோயில் தர்மகர்த்தா, தேருக்கு மரம் கொடுத்தது தன் தாத்தா என்பார். வெயிலுமுத்து தேருக்கு இரும்பு அச்சு வாங்கிப் போட்டவர், அச்சு இல்லாத தேர் வெறும் விறகு என்பார். ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று இந்த இரண்டு பேச்சையும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்ததில், தேர் கோயில் வாசலில் தன் நிலையிலேயே நின்றது, அதைச் சுற்றித் தகரம் அடித்தார்கள், தகரத்தின் நிழலில் ஆட்டோக்கள் நின்றன, சக்கரத்துக்கு அடியில் நாய் குட்டி போட்டது, குட்டிகள் வளர்ந்து அவையும் அங்கேயே குட்டி போட்டன.

கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி உலகம்மாள் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள், பிள்ளைகளுக்கு முட்டை சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று வாத்தியார்களோடு சண்டை போட்டவள். ஒரு காய்ச்சல் வந்து, காய்ச்சல் போகும்போது கால்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, உயிரோடு திரும்பி வந்து, வீட்டுக் கூடத்தில் போட்ட கட்டிலில் இரண்டு வருஷத்துக்கும் மேல் படுத்தே கிடந்தாள். முதல் வாரம் ஊர் சாத்துக்குடியோடு வந்தது. கட்டிலை இந்தத் திசையில் போட்டால் எப்படி விளங்கும் என்று ஒரு கூட்டம் சொன்னது, அந்தத் திசையில் போட்டால்தான் விளங்காது என்று இன்னொரு கூட்டம் சொன்னது, இரண்டு கூட்டமும் காப்பி குடித்துவிட்டுப் போனது, அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அவள் புருஷன் கோமதிநாயகம் மட்டும் கூடவே இருந்தார், இருப்பது ஊருக்குத் தெரியும்படி இருந்தார். பெட்பேனை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவர் விடுகிற பெருமூச்சு அடுத்த தெருவில் கேட்கும். உலகம்மாளுக்குச் சாவைப் பற்றிக்கூட அவ்வளவு பயம் இருந்ததில்லை. அந்தப் பெருமூச்சைக் கேட்கும்போதுதான் உடம்பு கூசியது. அடுக்களையைத் தாண்டிப் புறவாசலில் ஒரு பாத்ரூம் இருந்தது, தகரக் கதவும் உள்பக்கம் ஓர் இரும்புத் தாழ்ப்பாளும் உண்டு. அங்கே தன் காலால் போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ள வேண்டும். வாழ்க்கையில் அவளுக்கு வேண்டியது இப்போது அவ்வளவுதான்.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபிக்காக ஸ்கூட்டரில் ஒரு பெண் வர ஆரம்பித்தாள். ஜெஸிந்தா என்று பேர். அவள்தான் அந்த வீட்டில் கட்டிலின் திசையைப் பற்றிப் பேசாத முதல் ஆள்.

"அவசரமே வேண்டாம்க்கா. வலி வாரதுக்கு முன்னாடி நிப்பாட்டிரணும். இன்னைக்குக் கால் விரலை மட்டும் ஆட்டுவோம்" என்றாள்.

"விரலை ஆட்டி நான் எப்பம்ட்டி பாத்ரூமுக்குப் போவ?"

"போவீங்கக்கா. தாப்பாளைப் போட்டுட்டு உள்ள இருந்து பாட்டே படிக்கலாம்."

உலகம்மாள் விரலை ஆட்டினாள். அந்த நேரத்தில் கோயில் வாசலில் காற்றே இல்லாமல் தேரின் மணிகள் கிணுகிணுத்தன, ஆட்டோக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து குதிகாலைத் தூக்கப் பழகிய நாட்களில் தேர்ச் சக்கரம் முனகியது, மரத்துக்குள் வண்டு இருக்கும் என்றார்கள். பிறகு ஜெஸிந்தா ஒரு பச்சை ரப்பர் பட்டையை அவள் கணுக்காலில் மாட்டி, மறுமுனையை வாசல் ஜன்னல் கம்பியில் கட்டினாள். "இது உங்களை முன்னால இழுக்கும், நீங்க காலைப் பின்னால கொண்டு வரணும். மல்லுக்கட்டக் கூடாது. மூச்சை விட்டுக்கிட்டே, மெதுவா" என்று சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்குத் தேர் நின்ற இடத்திலேயே லேசாக ஆடியது, அடியில் கிடந்த நாய் மட்டும் தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்குப் போனது. ஊரில் அதற்குத்தான் கொஞ்சம் புத்தி இருந்தது.

ஒரு காலையில் உலகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கி, வாசல் பக்கமாக ஓர் எட்டு வைத்தாள். தேர், தகரத்தைப் பிய்த்துக்கொண்டு, நிழலில் நின்ற ஆட்டோவின் முகத்தை நசுக்கிக்கொண்டு, ஓர் ஆள் உயரத்துக்கு முன்னால் வந்து நின்றது.

இதற்குப் பிறகு எங்கள் ஊர் செய்ததை நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, கூட்டிச் சொல்ல அவர்கள் இடமே வைக்கவில்லை. மில் ஆட்கள் திருட்டுத்தனமாக வடத்தைத் தொட்டுவிட்டார்கள் என்று பண்ணை வீட்டார் புகார் கொடுத்தார்கள், பண்ணை வீட்டார்தான் தொட்டார்கள் என்று மில்லுக்காரர் புகார் கொடுத்தார். போலீஸ் வந்து தேரைச் சுற்றிப் பார்த்து, வண்டியை ஓரமாக நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. ஒரு பெருந்தேர் தானாக நகர்ந்திருக்கிறதே என்று அண்ணாந்து பார்க்க ஒரு பிறவிக்கும் தோன்றவில்லை.

தேர் இடம் மாறுவது ஜெஸிந்தாவின் ஸ்கூட்டர் வருகிற வேளையில்தான் என்பதை டீக்கடைக்காரர் கண்டுபிடித்தார். கடை பெஞ்சு இரண்டு தடவை சக்கரத்தில் மாட்டியதால் அவருக்கு அந்த அக்கறை. அடுத்த நாள் உலகம்மாள் வீட்டுக் கூடம் நிறைந்தது. இரண்டு வருஷமாக அந்தப் படியை மிதிக்காத கால்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தன.

சிதம்பரதாணு தேரடியில் ஓர் ஆளை நிறுத்தி, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, ஒரு எட்டு வையேன், பாப்போம்" என்றார். அவள் வைத்தாள். "நகண்டுட்டா? சரி. நகண்டுட்டாம்" என்று எல்லோருக்கும் சொன்னார், பஸ் வந்துவிட்டது என்று சொல்வதைப் போல. உலகம்மாள் களைத்துப்போய்க் கட்டிலுக்குத் திரும்பி ஓர் எட்டு வைத்தாள். அப்போதுதான் அவர் முகம் வெளிறியது.

"அய்யய்யோ! பின்னால போவுதாம்லா! நில்லு தங்கச்சி, நில்லு! தேரு பின்னுக்குப் போவக் கூடாது!"

தேர் தானாகப் போவதில் ஊருக்கு ஆட்சேபம் இல்லை. பின்னால் போவதில்தான் ஆட்சேபம். ஊர் வறண்டுவிடும், கன்னிப் பெண்களுக்குக் கல்யாணம் நடக்காது, அரிசி விலை ஏறும் என்று ஜோசியர் சொன்னார். பண்ணை வீடும் மில் வீடும் எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரே பாயில் உட்கார்ந்து கூட்டம் போட்டு, உலகம்மாள் இனி முன்னால் மட்டும்தான் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தன. வாசல் வரை நடப்பாள். வந்ததும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் விடுவார்கள். கால் தரையில் படாவிட்டால் தேர் அசையாது என்பதைக் கண்டுபிடித்ததில் அவர்களுக்கு ராக்கெட் விட்ட பெருமை. இப்படியே விட்டு விட்டு நடக்கவைத்துப் பங்குனித் திருவிழாவுக்குள் தேரை நாலு ரத வீதியும் சுற்றிக் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

"பாத்ரூமுக்கு நான் எப்படிப் போவ?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"அதுக்குத்தான் அந்தப் பாத்திரம் இருக்குல்லா?" என்றார் வெயிலுமுத்து.

"நாற்காலியிலயே தூக்கிட்டுப் போய் விடுங்களேன்."

"உள்ள போயி நீ எந்தப் பக்கம் காலை வைப்பேன்னு யாரு மதினி கண்டா? நாங்க கூட வந்து நிக்கவா முடியும்?"

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் புருஷனும் சிரித்தார். ஆக, கால் இல்லாதபோது பெட்பேனில் கிடந்தவள், கால் வந்த பிறகும் பெட்பேனில் கிடந்தாள். கோமதிநாயகத்துக்கு இந்தத் தடவை பரிவட்டத்தில் ஒரு பங்கு உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பெருமூச்சு விடுவதை நிறுத்திவிட்டு, கஞ்சி போட்ட வேட்டியோடு பெட்பேனைப் பிரசாதத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு போக ஆரம்பித்தார். பெருமூச்சே தேவலை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

ஊர் அவள் உடம்பைக் கையில் எடுத்துக்கொண்டது. அவள் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டி, தேர் விரதம் தொடங்கிவிட்டது என்று சொல்லி, ஜெஸிந்தா சாப்பிடச் சொன்ன முட்டையை நிறுத்தினார்கள். பிள்ளைகளின் முட்டைக்காகச் சண்டை போட்டவள் அவள். வருகிற பெண்கள் ஆளுக்கொரு எண்ணெயைக் காலில் தேய்த்தார்கள், தேய்த்தபடியே இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஜெஸிந்தா தர்மகர்த்தாவின் முன்னால் போய் நின்று, "இது பழகுற காலு. கொஞ்சம் நடக்கணும், நிறைய ஓய்வு எடுக்கணும். முன்னால மட்டுமே நடந்தா எப்படி? திரும்பவும் பழகணும்லா?" என்று சத்தம் போட்டாள். "யம்மா, நீ படிச்ச பிள்ளை, சரி. தேரு விஷயம் உனக்கு என்ன தெரியும்?" என்று அனுப்பிவிட்டு, தெருமுனையில் அவள் ஸ்கூட்டரை மறிக்க இரண்டு பேரைப் போட்டார். அவள் வண்டியை வேறு தெருவில் நிறுத்திவிட்டுப் புறவாசல் வழியாக வந்து போனாள். அந்தப் பக்கத்தைக் காவல் காக்க ஊருக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது முன்பக்கம் மட்டும்தான்.

ஒரு நாள் நாற்காலி வருவதற்கு முன்பே உலகம்மாள் வாசலில் வைத்துத் திரும்பினாள். திரும்பிக் காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. உள்ளங்காலைத் தரையோடு யாரோ பிடித்துவைத்தது போல் இருந்தது. தேரடியில், சக்கரத்தை நிறுத்துவதற்கென்று இருக்கிற முட்டுக்கட்டைகளைச் சக்கரங்களுக்குப் பின்னால் இறுக்கி அடித்து வைத்திருந்தார்கள். அவள் நடந்தால் தேர் நடக்கும் என்பது மட்டுமல்ல, தேரைப் பிடித்தால் அவளையும் பிடிக்கலாம் என்பது ஊருக்குப் புரிந்துபோயிருந்தது. நாற்காலி வரும்வரை நிலைப்படியைப் பிடித்தபடி அந்த எழும்பாத காலோடு நின்றாள், நின்றபடியே அழுதாள். நோயில் கிடந்த அத்தனை காலத்திலும் அவள் அப்படி அழுததில்லை. நோய்க்கு அவள் யார் என்று தெரியாது, அதனால் அதன்மேல் கோபப்பட முடியாது. இவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டு வரிசையில் இவர்கள் பெற்ற பிள்ளைகளின் தட்டில் அவள்தான் முட்டை வைத்திருக்கிறாள்.

திருவிழா நெருங்கியது. தேர் இன்னும் முதல் வீதியையே தாண்டவில்லை. மில்லில் மூட்டை தூக்குகிற நாலைந்து இளவட்டங்கள், பார்ப்போமே என்று யாருக்கும் தெரியாமல் வடத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். வீட்டில் நின்றுகொண்டிருந்த உலகம்மாளின் கால்கள் அவளைக் கேட்காமலே முன்னால் பாய்ந்தன, அவள் முகம் குப்புற விழுந்து உதடு கிழிந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த சிதம்பரதாணு ரத்தத்தைப் பார்த்தார், வெயிலுமுத்தைப் பார்த்தார். "வேலை செய்யுது வே!" என்றார்.

தேரோட்டத்தன்று ஊரே சேர்ந்து வடம் பிடித்து இழுப்பது, தேர் போகிற வேகத்துக்கு உலகம்மாளை இரண்டு பக்கமும் கக்கத்தில் கை கொடுத்து நடத்திக்கொண்டு போவது, கூடத்துச் சுவர் இடித்தால் சுவரை இடிப்பது என்று தீர்மானம் ஆனது. ஜெஸிந்தா சிதம்பரதாணுவின் வீட்டுக்கே போனாள். "அவங்க நரம்பு இப்பத்தான் துளிர் விடுது. இழுத்தா அத்துப்போவும். இனிமே படுத்தா அவங்க எந்திரிக்கவே மாட்டாங்க, தெரியுமா?" என்றாள்.

"அம்மன் பாத்துக்கிடுவா" என்று சொல்லி அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

தேரோட்டம் வந்தது. அம்மனைத் தேரில் ஏற்றினார்கள், கொட்டு முழங்கியது, வடத்தை வீதி நீளத்துக்கு விரித்துப் போட்டார்கள். கூடத்தில் உலகம்மாளுக்குப் பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் கோமதிநாயகம் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். கக்கத்தில் கை கொடுக்க வேண்டிய இரண்டு பேரும் வாசலில் நின்று தேரடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, முதல் இழுப்புக்காகக் காத்திருந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

இழுப்பு வரவில்லை. வடத்தை முதலில் யார் தொடுவது?

ஒரே பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசியவர்கள் அதை மட்டும் பேசவில்லை. ஆளுக்கு ஆள் அது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெயிலுமுத்து குனிந்தார், சிதம்பரதாணு அவர் தோளைப் பிடித்தார்.

"அச்சு யாருது?"

"தேரு யாருது வே?"

"தேரா? விறகுன்னு சொல்லும்!"

அவ்வளவுதான். கொட்டு நின்றது. முட்டுக்கட்டைக்காரர்களில் பாதிப் பேர் பண்ணை வீட்டு ஆள், பாதிப் பேர் மில் ஆள். தங்கள் முதலாளிக்குப் பக்கத்தில் நிற்காவிட்டால் நாளைக்குப் பேச்சு வரும் என்று, சக்கரத்தின் கட்டைகளையும் உருவிக் கையில் ஆயுதமாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வாசலில் நின்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்சிக்கு ஓடினார்கள். செல்போனில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கோமதிநாயகம், இந்த ரகளையில் தன் பங்குப் பரிவட்டம் போய்விடுமே என்று பதறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஓடினார்.

வீடு காலியானது. அடுக்களை வழியாக ஜெஸிந்தா வந்து நின்றாள்.

"ஏட்டி, எனக்கு ஒண்ணுக்கு வருது" என்றாள் உலகம்மாள்.

"பாத்திரத்தை எடுக்கவாக்கா?"

"போட்டி இவளே."

"அப்பம் எந்திரிங்க. குதிகாலை முதல்ல ஊணுங்க."

உலகம்மாள் எழுந்தாள், சுவரைப் பிடித்தாள், வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். ஓர் எட்டு வைத்தாள். வீதியில், அம்மனோடும் அலங்காரத்தோடும் தேர் பின்னால் உருண்டது. சண்டை அந்த நொடியே நின்றது. "பின்னால போவுது, பிடி, பிடி!" என்று பண்ணை வீடும் மில் வீடும் ஊர் மொத்தமும் ஒன்றாக விழுந்து வடத்தைப் பிடித்தன.

அவள் கால்களில் அந்த இழுப்பு வந்து விழுந்தது. ஊரின் முழுப் பாரமும் அவளை முன்னால், வாசலுக்கு, வாசலுக்கு என்று இழுத்தது. அவள் தடுமாறிச் சுவரில் சாய்ந்தாள். ஜெஸிந்தா அவளைத் தொடவில்லை. "அந்தப் பச்சைப் பட்டைதான்க்கா இது. மல்லுக்கட்டாதீங்க. மூச்சை விட்டுக்கிட்டே" என்றாள். உலகம்மாள் மூச்சை விட்டாள், குதிகாலை ஊன்றினாள், மெதுவாக, வலி வருவதற்கு முன் நின்று, நின்றபின் மறுபடியும், ஊரை இழுத்துக்கொண்டு நடந்தாள். கூடத்தைத் தாண்டினாள், தேர் பெரிய கடைத்தெருவைத் தாண்டியது. அடுக்களையின் நிலைப்படியில் காலைத் தூக்கி வைத்தாள், தேர் டீக்கடை பெஞ்சை மூன்றாவது தடவையாக நொறுக்கியது. வடத்தைப் பிடித்தவர்கள் கால் பரப்பி நின்றார்கள், பிறகு சறுக்கினார்கள், பிறகு வயிற்றால் போனார்கள், பட்டு வேட்டிகள் சாக்கடையில் அலசப்பட்டன. ஒருவர்கூட வடத்தை விடவில்லை. விட்டால் மற்றவன் பிடித்திருந்தான் என்று ஆகிவிடுமே! பல நாள் பாடுபட்டு முன்னால் வந்த தேருக்குத் திரும்பிப் போக அவள் வீட்டுக் கூடமும் அடுக்களையும் புறவாசலும் போதுமாக இருந்தன. கணக்கு இடிக்கிறதே என்பவர்கள் போய்த் தேரைக் கேட்டுக்கொள்ளலாம். அம்மன் மேலே அசையாமல் உட்கார்ந்திருந்தாள், வீட்டுக்குத்தானே போகிறோம் என்பது மாதிரி.

புறவாசலில் வெயில் அடித்தது. இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் பார்க்காத துணி துவைக்கிற கல் அங்கேயே கிடந்தது. உலகம்மாள் அதன்மேல் கையை ஊன்றிக் கொஞ்சம் நின்றாள். பிறகு தகரக் கதவைத் திறந்து உள்ளே போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். அது துருப்பிடித்திருந்ததால் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. தேர் தன் நிலையில் போய் இடித்து நின்ற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

உடம்பெல்லாம் சகதியோடு கோமதிநாயகம் ஓடி வந்தார், அவர் பின்னால் சிதம்பரதாணுவும் வெயிலுமுத்தும் நொண்டிக்கொண்டு வந்தார்கள், அவர்கள் பின்னால் ஊர் வந்தது. அந்தச் சின்னப் புறவாசலில் துவைகல்லின் மேலும் மதிலின் மேலும் ஏறி நின்றுகொண்டு, பாத்ரூம் கதவைப் பார்த்து எல்லோரும் கும்பிட்டார்கள்.

"ஏளா உலகம்மா, முன்னால ஒரு எட்டு வச்சி வெளிய வாளா! ஊரே கெடந்து தவிக்கி!" என்று கோமதிநாயகம் கதவைத் தட்டினார்.

உள்ளே செம்பில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு உலகம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஆள் இருக்கு."